லோ யாட் விலைத்தாளில் எழுதாமல் விட்ட வரிகள்: கேமிங் பேக்கேஜ் ஒரு மதிப்பீடு

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங், லோ யாட் பிளாசா. மேல்மாடிக்கு ஏறினால் கணினிக் கடைகளின் முகப்பில் தாள் தாளாகத் தொங்கும். மேலே "கேமிங் பேக்கேஜ்", கீழே ஏழெட்டு வரி, கடைசியில் கொட்டை எழுத்தில் ஒரு விலை. உதிரிபாகம் பொறுக்கத் தெரியாதவர்கள் அதை அப்படியே வாங்குகிறார்கள். தெரிந்தவர்களும் அந்தத் தாளிலிருந்துதான் பேரத்தைத் தொடங்குகிறார்கள். ஆகவே தனியொரு கடையை விட்டுவிட்டு, அந்தத் தாளையே எடைபோடுவோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். தாளில் இருக்கும் சாமான்கள் ஒன்றில் ஒன்று மாட்டாமல் போவது அபூர்வம். ஏஎம்5 சாக்கெட்டில் உட்காரும் சிப்புக்கு (பிராசஸர்) ஏஎம்4 மதர்போர்டையோ, டிடிஆர்5 போர்டுக்கு டிடிஆர்4 ரேமையோ எவரும் எழுதித் தர மாட்டார்கள். நாள் முழுக்க இதையே பூட்டும் கைகள் அவை. எல்லாச் சாமானும் அங்கேயே வாங்கினால் பல கடைகளில் பூட்டும் கூலியும் கிடையாது. ஆனால் மாட்டுவது வேறு, ஒத்துப்போவது வேறு. தாளில் வழக்கமாகக் காணும் வரிகள் இப்படி இருக்கும்: ரைசன் 5 7500எஃப், பி650எம் போர்டு, 16 ஜிபி டிடிஆர்5, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ (கிராஃபிக்ஸ் கார்டு), 1 டிபி என்விஎம்இ (சேமிப்பு டிஸ்க்), 650 வாட் 80 பிளஸ் (பவர் சப்ளை), 4 ஃபேன் ஏஆர்ஜிபி கேஸ் (வண்ண விளக்குப் பெட்டி).

முழுப் பெயரோடு இருப்பது சிப் ஒன்றுதான். மற்ற ஆறு வரியும் பாதி வரி. சிப்பைக் குளிர்விக்கும் கூலர் என்ற வரியோ அறவே இல்லை.

கிராஃபிக்ஸ் கார்டு வரியைப் பாருங்கள், பணத்தில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. 5060 டிஐ 2025 ஏப்ரலில் வந்தபோதே 8 ஜிபி நினைவகம், 16 ஜிபி நினைவகம் என்று இரண்டு உருவில் வந்தது. அமெரிக்க வெளியீட்டு விலையில் இரண்டுக்கும் 50 டாலர்தான் வித்தியாசம். தாளில் எண் போடாமல் "5060 டிஐ" என்று மட்டும் இருந்தால் அது 8 ஜிபி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1080பி-யில் போட்டி ஆட்டங்கள் மட்டும் ஆடுகிறவருக்கு அது போதும். 1440பி திரையில் டெக்ஸ்சரை உயரத்தில் வைத்தால் 8 ஜிபி நிரம்பி வழியும். வழிந்தது கணினியின் ரேமுக்குப் போய், கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாகத் திரும்ப வர வேண்டும். படம் திக்கித் திக்கி நகர்வது அதனால்தான்.

இதற்குள்ளேயே இன்னொரு முடிச்சு இருக்கிறது. 5060, 5060 டிஐ இரண்டும் அந்தப் பாதையில் எட்டே லேனில் (தடத்தில்) ஓடுகிற கார்டுகள். பிசிஐஇ 5.0, 4.0 போர்டில் அது உறுத்தாது. பழைய பி450 போர்டை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றுகிறவருக்கு நிலைமை வேறு: அந்தப் போர்டு பிசிஐஇ 3.0, லேனுக்கு நொடிக்குச் சுமார் 1 ஜிபி, எட்டு லேனுக்கு எட்டு. 8 ஜிபி கார்டும் 3.0 போர்டும் சேர்ந்தால் நினைவகம் வழியும் நேரத்தில் அடி இரண்டு பக்கமும் விழும். அவருக்கு 16 ஜிபி கார்டு நல்லது. இல்லையென்றால் பதினாறு லேனையும் பயன்படுத்தும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. போர்டு பி550 ஆக இருந்தாலும் சிப் ரைசன் 5 5500 என்றால் கதை அதேதான், ஏனென்றால் அந்தச் சிப்புக்கே 3.0 வரைதான் தெரியும். எக்ஸ் இல்லாத ரைசன் 7 5700-உம் அதே வகையறா. விற்பவர் இதைச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

சிப் வரி முழுதாக எழுதியிருந்தாலும், பணம் கட்டும் நேரத்தில் அது மாறலாம். "ஸ்டோக் ஹாபிஸ், பாஸ். 8400எஃப் அம்பில்லா, சாமா சாஜா." (ஸ்டாக் தீர்ந்தது, 8400எஃப் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றுதான்.) இந்த வசனம் காதில் விழுந்தால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள். 8400 என்பது 7500-ஐவிடப் பெரிய எண், கோர் இரண்டிலும் ஆறுதான், சாக்கெட்டும் ஒன்றே; ஆகவே போர்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் 7500எஃப்-இல் 32 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), 8400எஃப்-இல் 16 எம்பி. ஆட்டங்களுக்குக் கேஷ்தான் உயிர். 8400எஃப் கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தருவதும் பிசிஐஇ 4.0-இல் எட்டு லேன்தான். விலை கணிசமாக இறங்கினால் எடுக்கலாம், அதே விலைக்கு வேண்டாம்.

பெயரில் எஃப் இருந்தால் உள்கிராஃபிக்ஸ் கிடையாது என்று பொருள். வீட்டுக்குக் கொண்டுபோய் எச்டிஎம்ஐ வயரை மதர்போர்டின் ஓட்டையில் செருகிவிட்டு "படமே வரவில்லை" என்று கடைக்குப் போன் போடுகிறவர்கள் நிறையப் பேர். வயர் கீழே, கார்டின் ஓட்டையில் போக வேண்டும். என்றாவது கார்டு படுத்துவிட்டால், பழுது கார்டிலா போர்டிலா என்று பார்க்கக்கூட வேறு வழி இருக்காது. கொஞ்சம் கூடப் போட்டு 7600 எடுத்தால் அந்தத் தலைவலி இல்லை; அதில் சாதாரண உள்கிராஃபிக்ஸ் இருக்கிறது.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறு ஏறு என்று ஏறியது. ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாரிக்கொண்டு போகின்றன. பேக்கேஜின் மொத்த விலையை ஏற்றாமல் காட்ட வேண்டுமென்றால் கடைக்காரர் கை வைக்கக்கூடிய முதல் இடம் அதுதான். "16 ஜிபி டிடிஆர்5" என்ற வரியில் மூன்று கேள்வி ஒளிந்திருக்கிறது: ஒரு ஸ்டிக்கா இரண்டா, வேகம் என்ன, எக்ஸ்போ (ரேமை எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) உண்டா?

ஒற்றை ஸ்டிக்கைத் தள்ளிவிட ஒரு சாமர்த்தியமான பதில் வைத்திருப்பார்கள்: "டிடிஆர்5-இல் ஒரு ஸ்டிக்கே டூயல் சேனல்." பாதி உண்மை. ஒரு டிடிஆர்5 ஸ்டிக்குக்குள் 32 பிட் அகலத்தில் இரண்டு துணைச் சேனல் இருப்பது சரி. கூட்டினால் 64 பிட். டிடிஆர்4 ஸ்டிக் ஒன்றின் அகலமும் அதே 64 தான். இரண்டு ஸ்டிக் போட்டால்தான் 128. ஒற்றை ஸ்டிக் என்றால் பாதி ரோட்டை மூடிவைத்து வண்டி ஓட்டுவது போலத்தான்.

ஏஎம்5 போர்டுக்கு 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு, குறைந்தால் நல்லது) கிட் நன்றாக ஒத்துப்போகும். கையில் காசு குறைவென்றால் சிஎல்36 எடுங்கள். வேறுபாடு ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டிக் நாலு போடாதீர்கள். ரைசன் 7000 தொடருக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலுக்கு 3600. "இப்போது இரண்டு எட்டு, பிறகு இன்னும் இரண்டு எட்டு" என்ற திட்டம் அங்கேதான் கவிழ்கிறது. இரண்டு பதினாறு வாங்க முடிந்தால் இன்றே வாங்குங்கள். ஸ்டிக்குகள் உட்கார வேண்டிய இடம் சிப்பிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஓட்டை. கடையில் சரியாகப் போட்டுத் தருவார்கள்; வீட்டில் தூசி தட்டுகிறேன் என்று கழற்றித் திரும்ப மாட்டும்போதுதான் மாறிப்போகிறது.

எக்ஸ்போவைப் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் இயக்கவில்லை என்றால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 4800-இல் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். வருடக் கணக்கில் அப்படி ஓடுகிற கணினிகள் உண்டு. ரேமை மாற்றிய பின் முதல் தடவை சுவிட்ச் போட்டால் ஏஎம்5 கணினி சில நிமிடம் கறுப்புத் திரையோடு அப்படியே நிற்கும். ரேமுக்குப் பயிற்சி நடக்கிறது. "செத்துப்போச்சு" என்று பதறிச் சுவிட்சை அணைத்தால் அது முதலிலிருந்து தொடங்கும்.

போர்டு வரியில் "பி650எம்" என்பது சிப்செட்டின் பெயர், போர்டின் பெயர் அல்ல. ஒரே சிப்செட்டில் ஒவ்வொரு கம்பெனியும் நாலைந்து போர்டு போடுகிறது. 65 வாட் சிப்புக்கு எந்தப் பி650-உம் தாங்கும், ஏ620 கூடத் தாங்கும். அதைக் குறை சொல்வதற்கில்லை. பின்னால் எட்டுக் கோர் எக்ஸ்3டி (கேஷ் கூடிய) சிப் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் மின்பகுதிக்கு மேல் அலுமினியக் கட்டி இருக்கிறதா, என்விஎம்இ செருகும் எம்.2 ஓட்டை இரண்டு இருக்கிறதா என்று பெட்டிப் படத்திலேயே பாருங்கள்.

சிப் 9600எக்ஸ் போன்ற 9000 தொடராக இருந்தால் பயாஸ் கேள்வி வரும். அந்தத் தொடர் 2024 ஆகஸ்டில் வந்தது, பி650 போர்டுகள் 2022-இலேயே வந்துவிட்டன. அலமாரியில் கிடந்த பழைய போர்டில் புதிய சிப்பைப் போட்டால் ஃபேன் சுற்றும், திரை விழிக்காது. பெட்டியில் 9000 தொடருக்குத் தயார் என்ற ஒட்டி இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாக எடுங்கள். ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவ், கம்பெனி சொல்லும் பெயருக்கு மாற்றிய பயாஸ் கோப்பு, 24 பின் வயரும் சிப்புக்கான 8 பின் வயரும் இருந்தால் போதும், சிப் இல்லாமலே அது பயாஸை ஏற்றிக்கொள்ளும். விளக்கு மினுக்கி முடியும்வரை மின்சாரத்தைத் தொடக்கூடாது. கடையிலேயே செய்து தரச் சொன்னால் பத்து நிமிட வேலை.

இல்லாத வரிக்கு வருவோம். 7500எஃப் டிரேயாகவும் விற்கப்படும். டிரே என்றால் சில்லறைப் பெட்டி இல்லாமல் சிப் மட்டும்; கூலர் வராது. "கூலர் இன்க்ளூடட்" என்றால் எது என்று கேளுங்கள். பெட்டியோடு வரும் சின்னக் கூலர் 65 வாட் சிப்பைக் காப்பாற்றும், ஆனால் சத்தம் போடும். இன்னொரு விஷயம், விமர்சன வீடியோக்களின் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20 பாகையை ஒட்டிய அறையில் எடுத்தவை. கோலாலம்பூரில் ஏர்கோன் போடாத அடுக்குமாடி அறை மத்தியானம் 31, 32 இருக்கும். அந்தப் பத்துப் பாகையும் அப்படியே சிப்பின் தலையில் ஏறும். அங்கே 75 காட்டிய கூலர் இங்கே 85 காட்டும். 120 மி.மீ. ஃபேன் வைத்த கோபுரக் கூலர் ஒன்றைச் சேர்க்கச் சொல்வது, இந்தப் பேக்கேஜில் நீங்கள் செய்யக்கூடிய மலிவான மாற்றம். பலனும் அதில்தான் அதிகம். பெயர்பெற்ற பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ-யின் உயரம் 155 மி.மீ. சின்ன எம்ஏடிஎக்ஸ் கேஸ்களில் இடமே அவ்வளவுதான் இருக்கும், கேஸின் தாளில் எண்ணைப் பார்த்துவிடுங்கள். பழைய ஏஎம்4 கூலரை மறுபடி பயன்படுத்தலாமா என்றால், போர்டில் ஏற்கெனவே இருக்கும் பின்தகட்டில் மாட்டும் வகைக்குச் சரி. தனக்கென்று சொந்தப் பின்தகடு கேட்கும் கூலர் ஏஎம்5-இல் உட்காராது. அங்கே பின்தகடு சாக்கெட்டையே பிடித்துக்கொண்டிருப்பதால் கழற்ற முடியாது.

"4 ஃபேன் ஏஆர்ஜிபி கேஸ்" என்பதில் முகப்பைப் பாருங்கள். முன்னாலும் பக்கத்திலும் கண்ணாடி போட்ட மீன்தொட்டி கேஸ் முகப்பில் அழகாகத்தான் இருக்கும், இந்த ஊர் வெயிலுக்கு வலைமுகப்புதான் லாயக்கு. மலிவான கேஸ் ஃபேன்கள் சில, போர்டில் மாட்டாமல் நேரே பவர் சப்ளை வயரில் மாட்டுபவை. எப்போதும் முழு வேகத்தில் இரையும். விளக்கு வயரில் 5 வோல்ட் 3 பின், 12 வோல்ட் 4 பின் என்று இரண்டு இனம். 5 வோல்ட் விளக்கைப் 12 வோல்ட்டில் செருகினால் அன்றோடு அதற்குக் காரியம் முடிந்தது. முன்பக்கம் ரேடியேட்டர் வைக்கிற ஆசை இருந்தால் 27 மி.மீ. ரேடியேட்டர், 25 மி.மீ. ஃபேன், ஆக 52 மி.மீ.-ஐக் கார்டுக்கு விட்ட நீளத்திலிருந்து கழித்துப் பாருங்கள். மூன்று ஃபேன் கார்டுகள் 300 மி.மீ. சுற்றி வரும். கேஸ் முகப்பில் யுஎஸ்பி டைப்-சி ஓட்டை இருந்தால் போர்டிலும் அதற்கான இணைப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் ஓட்டை.

அடுத்தது பவர் சப்ளை. வாட் கணக்கு தப்பாக இருக்காது: கார்டுக்கு 180, சிப் உச்சத்தில் 88, மற்றவை எல்லாம் சேர்த்து 60, 70. மொத்தம் 340-ஐ ஒட்டி நிற்கும். 650 தாராளம். ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி போன்ற 304 வாட் கார்டுக்குப் போகிறவர் 750 எடுக்கட்டும், ஏனென்றால் கார்டுகள் கண நேரத்துக்கு எழுதிய அளவைத் தாண்டிக் குதிக்கும். சிக்கல் வாட்டில் இல்லை, பெயரில்லாத பெட்டியில் இருக்கிறது. "80 பிளஸ்" முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லும். உள்ளே போட்ட மின்தேக்கி எப்படி, பாதுகாப்புச் சுற்று வேலை செய்யுமா என்பதைச் சொல்லாது. மாடல் பெயரும் ஐந்து வருட வாரண்டியும் கேளுங்கள். அதற்குக் கீழே கொடுத்தால் மாற்றச் சொல்லி, வித்தியாசத்தைக் கையோடு கட்டிவிடுங்கள். வேறெந்த வரியிலும் இவ்வளவு பிடிவாதம் தேவையில்லை.

ஆர்டிஎக்ஸ் 5070-க்கோ அதற்கு மேலோ போனால் கார்டுக்கு 16 பின் மின்வயர் வரும். 'டிக்' என்று முழுசாக உள்ளே போக வேண்டும். இடைவெளி தெரிந்தால் பின் சூடேறி உருகும் அபாயம் உண்டு. செருகியதும் உடனே மடக்காமல் 35 மி.மீ. நேராக விட்டு வளையுங்கள். கண்ணாடிக் கதவு அந்த வயரை அழுத்துகிறதா என்பதைக் கதவை மூடிப் பார்த்தால்தான் தெரியும். சுவருக்குப் போகும் வயர் நம் ஊர் 13 ஆம்பியர் மூன்று பின் வயர்தானா என்றும் பாருங்கள். இரண்டு பின் ஐரோப்பிய வயரும் அடாப்டரும் தந்தால் வாங்காதீர்கள், எர்த் கிடைக்காமல் கேஸைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் சாயங்கால இடிமழைக்கு சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரையுள்ள சர்ஜ் காப்பு பிளக் போட்டாலும், பெரிய இடியில் கழற்றி வைப்பதே உத்தமம். நெட் வயரையும் சேர்த்து.

என்விஎம்இ வரிக்கு மாடல் பெயர் கேட்டால் போதும். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஓட்டையை நிரப்பினால் பழைய வகை டிஸ்க்குகளுக்கான சாட்டா ஓட்டை இரண்டு செத்துவிடும். பழைய டிஸ்க்கைக் கொண்டுவருகிறவர் போர்டின் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் பார்க்கட்டும்.

எல்லாம் பேசி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் முழு மாடல் பெயரோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் எழுதித் தரும் கடைகளும் அங்கே இருக்கின்றன. சுளிக்கிற கடையைத் தாண்டிப் போனால் பத்தடியில் அடுத்த கடை. கிரெடிட் கார்டில் கட்டினால் விலை கூடுமா என்பதையும் அப்போதே கேளுங்கள், தாளில் இருப்பது ரொக்க விலையாக இருக்கலாம். முதல் சில நாள்களுக்கு நேருக்கு நேர் மாற்றித் தருவதாக இருந்தால் எத்தனை நாள் என்பது பில்லில் இருக்க வேண்டும். பின்னால் தகராறு முற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு 5 மலேசிய வெள்ளி (ரிங்கிட்) கட்டி மனுப் போடலாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வக்கீல் இல்லாமலே கேட்பார்கள். அங்கே பேசப்போவது பில்தான்; "5060 டிஐ" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து 16 ஜிபி கேட்க முடியாது.

பூட்டி முடித்ததும் அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ரேம் பக்கம் 6000 என்றும், இரண்டு ஓட்டை பயன்பாட்டில் என்றும் காட்ட வேண்டும். கார்டின் நினைவகம் அதே இடத்தில் கீழே தெரியும். கால் மணி நேரம் ஏதாவது ஒரு ஆட்டத்தை ஓடவிட்டுச் சிப்பின் வெப்பம் பார்க்கலாம்; கூலர் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்திருந்தால் அந்தக் கால் மணியில் 95-ஐத் தொட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். சனி, ஞாயிறில் இதற்கெல்லாம் அவர்களுக்கு நேரம் இருக்காது. வாரநாள் காலையில் போங்கள்.

எம்ஆர்டியில் சுமந்து வருவது பெரும்பாடு. வாடகைக் காரில் போர்டு கீழே படுக்கிற மாதிரி கேஸைச் சாய்த்து வையுங்கள். கனமான கார்டு என்றால் கழற்றி அதன் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதே சரி. கிளம்பும் முன் மீதி வயர்களைக் கேட்டு வாங்குங்கள். மாடுலர் (வயர்களைக் கழற்றி மாட்டும்) பவர் சப்ளை என்றால் பயன்படாத வயர்கள் ஒரு பையில் இருக்கும், அவை கடையிலேயே தங்கிவிடுவது வழக்கம். பிற்பாடு வயர் குறைகிறது என்று வேறு கம்பெனி வயரை எடுத்து மாட்டினால், செருகும் முனை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும். சுவிட்ச் போட்ட நொடியில் டிஸ்க்கோ போர்டோ போய்விடும். பைமேல் பவர் சப்ளையின் மாடல் பெயரை மார்க்கரில் எழுதி, கேஸ் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.